டேங்க் ஒழுகுவதும் காயில் கருகுவதும்: இங்கிலாந்து போகும் காட்பாடித் தம்பிக்கு

கேள்வி கேட்டிருப்பவர் காட்பாடிக்காரர். மேற்படிப்புக்கு இங்கிலாந்து போகிறார். ஒரு நாளைக்கு ஏழெட்டு சிகரெட் பிடிக்கிறார். அங்கே போனதும் ரீஃபில் டேங்க் வைத்த இ-சிகரெட்டுக்கு மாறிவிடலாம் என்று நினைக்கிறார். 'டேங்க் ஒழுகும், காயில் கருகும் என்கிறார்களே, எப்படிப் பார்த்துக்கொள்வது? லீவுக்கு வேலூர் வரும்போது கையோடு கொண்டு வரலாமா?' என்று கேட்கிறார்.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டு வராதீர்கள் தம்பி. தமிழ்நாட்டில் 2018-லேயே தடை வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2019 செப்டம்பர் 18 அன்று அவசரச் சட்டம் போட்டார்கள், அந்த டிசம்பரிலேயே அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாமே குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்ததற்கு மட்டும் 6 மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'என் சொந்த உபயோகத்துக்குத்தானே' என்ற பேச்சை விமான நிலையத்தில் நம்பி நிற்க வேண்டாம். படிப்புக்காகக் கடன் வாங்கிப் போகிற பிள்ளை, இதற்காகப் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுங்க அதிகாரி முன்னால் நிற்கக் கூடாது. ஊரில் திருட்டுத்தனமாக விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். அதில் என்ன ஊற்றியிருக்கிறார்கள் என்று விற்பவருக்கே தெரியாது.

ஆகவே இனிமேல் சொல்லப்போவது எல்லாம் நீங்கள் அங்கே இருக்கும் நாட்களுக்கு மட்டும்.

நான் குடியாத்தம். என் மனைவி நர்ஸ். அவருக்கு லெஸ்டரில் வேலை கிடைத்து 2021-இல் குடும்பத்தோடு போனோம். எனக்கு ஒரு கிடங்கில் ராத்திரி ஷிப்ட். ஊரில் நாளுக்குப் பத்து சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு பாக்கெட்டே பத்து பவுண்டுக்கு மேல். மூன்று மாதத்தில் டேங்குக்கு மாறினேன். 2024-இல் ஊர் திரும்பும்போது சிகரெட்டும் இல்லை, டேங்கும் இல்லை. நடுவில் இருந்த இரண்டு வருஷத்துச் சங்கதிதான் இது.

டேங்க் என்பது சின்ன விஷயம். மேலே வாயில் வைக்கும் முனை, அதன் கீழே மூடி, நடுவில் கண்ணாடிக் குழல், அதற்குள் புகைபோக்கி மாதிரி ஒரு குழாய், அடியில் காற்று வரும் வளையம். இவை ஒன்றோடு ஒன்று சேரும் இடங்களில் எல்லாம் ரப்பர் வளையம், நம் ஊரில் வாஷர் என்போமே, அது. குழாயின் அடியில் காயில் உட்காரும். காயில் என்றால் மெல்லிய கம்பிச் சுருள், அதைச் சுற்றிப் பஞ்சு, பஞ்சுக்கு வெளியே ஓட்டை போட்ட உலோக உறை. டேங்கில் ஊற்றும் திரவத்தை லிக்விட் என்பார்கள். ஓட்டை வழியாக அது பஞ்சில் ஊறும், கீழே இருக்கும் பேட்டரியின் பட்டனை அழுத்தினால் கம்பி சுடும், பஞ்சில் இருப்பது ஆவியாகும். ஒழுகுவதும் கருகுவதும் பெரும்பாலும் இந்தப் பஞ்சிடமிருந்து வருகிற புகார்தான். தேவைக்கு மேல் நனைந்தால் ஒழுகும், போதாமல் நனைந்தால் கருகும்.

நான் முதல் காயிலைக் கருக்கியது கிடங்கின் பின்வாசலில். பதினைந்து நிமிட இடைவேளை. குளிரில் கை விறைக்க, பழைய காயிலைக் கழற்றிப் புதியதை மாட்டினேன், லிக்விடை ஊற்றினேன், உடனே இழுத்தேன். துணி எரிந்த நாற்றம் நேராகத் தொண்டையில் போய் உட்கார்ந்தது. இருமி இருமிக் கண்ணில் தண்ணீர். அந்தக் காயிலைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. பஞ்சு ஒருமுறை கருகினால் கருகியதுதான், எவ்வளவு ஊற்றினாலும் அந்த வாடை போகாது. காய்ந்த பஞ்சைச் சூடாக்கி இழுப்பது வாடையோடு முடிவதும் இல்லை. அளவுக்கு மேல் சூடானால் அந்த லிக்விடிலிருந்து ஃபார்மால்டிஹைடு போன்ற நச்சுகள் கிளம்பும். கருகல் வாடை வந்தால் உடனே நிறுத்துங்கள். 'இன்னும் ரெண்டு இழுப்பு' வேண்டாம்.

அன்றைக்கு எனக்கு அம்மா ஞாபகம் வந்தது. அம்மா பீடி சுற்றியே எங்களை வளர்த்தவர். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டுக்கு வீடு முறம் இருக்கும், முறத்தில் இலையும் தூளும் நூலும் இருக்கும். பீடி இலையைத் தண்ணீரில் நனைத்து ஈரக் கோணியில் சுற்றி வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்ப்பார். அவசரத்துக்கு நான் கத்தரியை எடுத்தால், "ஊறாத இலைல கத்தரி வெக்காதடா, சுத்தும்போது பொளந்துக்கும்" என்பார். புதுக் காயிலுக்கும் அதே கதைதான்.

புதுக் காயிலை மாட்டுவதற்கு முன், ஓட்டைகளில் தெரியும் வெள்ளைப் பஞ்சின் மேல் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள். வெள்ளை மங்கி ஈரம் தெரிந்ததும் நிறுத்துங்கள். பிறகு மாட்டி, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் சும்மா நிற்க விடுங்கள். பட்டனை அழுத்தாமல் இரண்டு மூன்று முறை மெல்ல இழுத்தால் இன்னும் நல்லது, பஞ்சுக்குள் லிக்விட் இறங்கும். அப்புறம் காயிலின் மேல் எழுதியிருக்கும் வாட் அளவில் குறைந்ததிலிருந்து ஆரம்பியுங்கள். இவ்வளவு செய்தால் ஒரு காயில் ஒன்றிலிருந்து இரண்டு வாரம் வரும். இனிப்புச் சுவை லிக்விட் ஊற்றினால் அவ்வளவு நாள் வராது. அதில் போடும் இனிப்பு கம்பியில் பாகு மாதிரி காய்ந்து கறுப்பாகப் படியும். நான் மாம்பழச் சுவையை விட்டுவிட்டுப் புதினாவுக்குப் போனதே காயில் செலவு தாங்காமல்தான்.

நிரப்புவதில் ஒரு பழக்கம் முக்கியம். டேங்கில் லிக்விட் கால்வாசிக்குக் கீழே இறங்கும்முன் நிரப்பிவிடுங்கள். காயிலின் ஓட்டைகள் லிக்விட் மட்டத்துக்கு மேலே தெரிய ஆரம்பித்தால் பஞ்சு காயத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஊற்றும்போது காற்று வளையத்தை மூடிக்கொள்ளுங்கள், டேங்கைச் சற்றுச் சாய்த்து, ஓரத்தில் உள்ள துளையில் ஊற்றுங்கள். நடுக்குழாயில் ஒரு சொட்டும் போகக் கூடாது, போனால் நேராக வாய்க்குத்தான் வரும். விளிம்பு வரை நிரப்பாமல் கொஞ்சம் காற்றுக்கு இடம் விட்டு மூடுங்கள். அந்தக் காற்றுக் குமிழ்தான் லிக்விடைப் பிடித்து வைக்கிறது. இங்கிலாந்தில் டேங்க் 2 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, நிக்கோடின் லிக்விட் பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது, நிக்கோடின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். அதனால் அடிக்கடி நிரப்ப வேண்டியிருக்கும்.

லிக்விடிலும் கெட்டி, நீர்ப்பு என்று இரண்டு குணம் உண்டு. புரோப்பிலீன் கிளைக்கால் நீர்ப்பு, காய்கறி கிளிசரின் கெட்டி. பாட்டிலில் இரண்டும் எத்தனை பங்கு என்று போட்டிருக்கும். சிகரெட் மாதிரி இறுக்கமாக இழுக்கும் சின்ன டேங்குக்கு, அதாவது கம்பியின் மின்தடை 1 ஓமுக்கு மேற்பட்ட காயிலுக்கு, பாதிக்குப் பாதி கலந்தது சரியாக இருக்கும். புகை மேகமாக வரும் பெரிய காயிலுக்கு 70 பங்கு கிளிசரின். மாற்றி ஊற்றினால் சின்னக் காயிலில் கெட்டி லிக்விட் உள்ளே போகாமல் கருகும், பெரிய காயிலில் நீர்த்த லிக்விட் நிற்காமல் ஒழுகும். சிகரெட்டை விடுவதற்காகப் போகிற உங்களுக்குச் சின்ன டேங்க் போதும். நல்லெண்ணெய், யூகலிப்டஸ் தைலம், வேறு எந்த எண்ணெயாக இருந்தாலும் டேங்கில் ஊற்றாதீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரை கொண்டுபோகும்.

ஒழுகல் வந்தால் முதலில் வாஷரைப் பாருங்கள். பாதி நேரம் கழுவும்போது ஒரு வளையம் முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது தண்ணீரோடு போயிருக்கும். பெட்டியில் உபரி வளையம் கொடுப்பார்கள், அதைத் தொலைத்துவிடாதீர்கள். அடுத்தது காயில் முழுதாகத் திருகப்பட்டிருக்கிறதா என்று. இழுக்கும்போது களக் களக் என்று சத்தம் வந்தால் குழாயில் லிக்விட் தேங்கியிருக்கிறது. பேட்டரியிலிருந்து டேங்கைக் கழற்றி, அடியில் டிஷ்யூ பிடித்து, முனை வழியாக ஊதினால் வெளியே வந்துவிடும்.

பலருக்குத் தோன்றாத காரணம் வெயில். 2022 ஜூலை 19-ஆம் தேதி இங்கிலாந்தில் வரலாறு காணாத வெயில். லிங்கன்ஷயரில் 40.3 டிகிரி. வேலூர் அக்னி நட்சத்திரத்தில் வளர்ந்தவனுக்கு அது பழகிய சூடுதான், ஆனால் அந்த ஊர் வீட்டில் ஃபேன்கூட இல்லை. அன்று டேங்கைக் காரில் விட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விட்டேன். சாயங்காலம் கதவைத் திறந்தால் உள்ளே ஒரே புதினா வாசம். சூட்டில் லிக்விட் தண்ணீராக இளகி, உள்ளே இருந்த காற்றும் விரிந்து, டேங்க் முழுக்கக் காற்றுத் துளை வழியே இறங்கிவிட்டது. பேட்டரியின் தலையில் பிசுபிசுப்பு. துடைத்தெடுக்க அரைமணி நேரம். அதற்குப் பிறகு டேங்கை எப்போதும் நிற்க வைத்தேன், நிழலில் வைத்தேன். விமானத்தில் பறந்தாலும் இப்படித்தான், மேலே போகப் போக உள்ளே இருக்கும் காற்று லிக்விடைத் தள்ளும்.

கழுவுவது வாரம் ஒருமுறை. பேட்டரியைத் தனியே எடுத்து வையுங்கள், காயிலையும் கழற்றிவிடுங்கள், பஞ்சைத் தண்ணீரில் கழுவக் கூடாது. மற்றவற்றை வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, ஒரு துணியில் கவிழ்த்து, முழுதாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். ஈரத்தோடு மாட்டினால் பஞ்சு தண்ணீரைக் குடித்துவிடும், கம்பி படபடவென்று தெறிக்கும். பேட்டரியோடு சேரும் திருகில் லிக்விட் பட்டிருந்தால் உலர்ந்த டிஷ்யூவால் துடைத்தால் போதும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது. அந்த லிக்விட் விஷம். 20 மில்லிகிராம் பலம் உள்ள 10 மில்லி பாட்டிலில் மொத்தம் 200 மில்லிகிராம் நிக்கோடின் இருக்கிறது. தோல் வழியாகவும் அது உள்ளே போகும். அம்மா பீடித்தூள் பட்ட கையால் சோறு பிசைந்து பார்த்ததில்லை, சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் எங்களைத் தொடுவார். முறத்தை எப்போதும் பரணில் ஏற்றி வைப்பார். நான் அவ்வளவு கவனமாக இல்லை. ஒருநாள் காலை ஷிப்ட் முடிந்து வந்து சமையலறை மேசையில் டேங்கை நிரப்பிவிட்டு, பாட்டிலை அங்கேயே விட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். இரண்டு வயது மகள் நாற்காலியில் ஏறி அதை எடுத்து மூடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். மனைவிதான் பார்த்தார். அமுக்கித் திருகினால் மட்டும் திறக்கும் மூடி அது, நான் அதைச் சரியாக மூடியிருந்ததால் பிள்ளை தப்பினாள். மூடியில் அவளுடைய பால்பல் தடம் நாலு இருந்தது. மனைவி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை, பாட்டிலைக் கொண்டுவந்து என் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கே பூட்டு வைத்த பெட்டி வாங்கினேன். நீங்கள் மாணவர்களோடு வீடு பகிர்ந்து தங்குவீர்கள். யார் வீட்டுக் குழந்தை எப்போது வரும் என்று சொல்ல முடியாது.

அந்த மாதத்திலிருந்துதான் பலத்தைக் குறைக்க ஆரம்பித்தேன். 12 மில்லிகிராமிலிருந்து 6, பிறகு 3, கடைசியில் நிக்கோடின் இல்லாத லிக்விட். ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று மாதம் இருந்தேன். 6-இலிருந்து 3-க்கு இறங்கியதுதான் கஷ்டம், தவிப்புத் தாங்காமல் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுந்தேன். ரீஃபில் டேங்க்கின் பெரிய பயனே இந்தப் படியிறக்கம்தான் என்று நினைக்கிறேன். அதற்காகத்தான் அதைக் கையில் எடுக்க வேண்டும். சிகரெட்டை விட இதில் தீங்கு குறைவு என்று அந்த நாட்டு அரசு மருத்துவத் துறையே சொல்கிறது, தீங்கே இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை. பாதி சிகரெட், பாதி இது என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் பலன் கிடைக்காது. உங்கள் அறைத் தோழன் புகைக்காதவன் என்றால் அவனுக்கு ஒரு இழுப்புகூடக் கொடுக்காதீர்கள்.

போன முதல் வாரமே உள்ளூர் புகை நிறுத்த உதவி மையத்தில் பெயர் கொடுங்கள், அது இலவசம். லீவுக்கு ஊருக்கு வரும் நாட்களுக்கு 2 மில்லிகிராம் நிக்கோடின் சூயிங்கம் வைத்துக்கொள்ளுங்கள், இங்கே மருந்துக் கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும். தவிப்பு அதிகமானால் 1800-11-2356 என்ற புகையிலை நிறுத்த உதவி எண்ணுக்குக் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது.

அங்கிருந்து ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் பெட்டியையும் கோட்டுப் பைகளையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். என் கோட்டின் உள்பையில் ஒரு பழைய காயில் கிடந்தது. டேங்க், பேட்டரி, அந்தக் காயில் மூன்றையும் வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுத்தேன். பழையதைத் திரும்ப எடுத்துக்கொள்வது அங்கே கடைக்காரரின் கடமை, பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போட்டால் தீப்பிடிக்கலாம்.