எல்லாவற்றுக்கும் ‘புட்’ போடாதீர்கள்

போன முறை ஆங்கில ‘புட் ஆன்’ (put on) பற்றி ஒரு வரி எழுதினேன். இந்த முறை வந்த வாசகர் கடிதங்களில் பாதிக்கு மேல் ‘புட்’ (put) பற்றிய கேள்விதான்.

but என்பதைப் ‘பட்’ என்று படிக்கிறோம், put மட்டும் ஏன் ‘புட்’? இங்கிலீஷ்காரனுக்கே தெரியாதாமே? (திண்டுக்கல்)

தெரியும். ஒரு காலத்தில் இரண்டிலும் ஒரே ‘உ’ ஓசைதான். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் தென் இங்கிலாந்தில் பெரும்பாலான சொற்களில் அது ‘அ’ பக்கம் நகர்ந்துவிட்டது. உதட்டில் பிறக்கும் எழுத்துகளுக்குப் பின்னால் மட்டும் சில இடங்களில் பழைய ‘உ’ தங்கிவிட்டது: புட், புஷ், ஃபுல். இது விதி அல்ல, ஒரு போக்கு. வட இங்கிலாந்தில் இன்றும் பலருக்கு இரண்டு சொல்லும் எதுகைதான்.

ஆங்கிலத்தில் அதிகப் பொருள் உள்ள சொல் ‘புட்’ தானே?

இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் ‘செட்’ முன்னால் நின்றது, 400க்கு மேல். பின்னர் திருத்தி எழுதியபோது ‘ரன்’ 600ஐத் தாண்டி முந்திவிட்டது.

இறந்த காலம் ‘புட்டட்’ என்று எழுதலாமா?

கூடாது. புட், புட், புட். கோல்ஃபில் பந்தைக் குழிக்குள் உருட்டுவது ‘பட்’, அதற்கு டி இரண்டு. ‘பட்டட்’ அதற்குத்தான்.

‘புட் டவுன்’ என்றால் என்ன? உடனே பதில் தேவை.

எதை? பையை என்றால் கீழே வைப்பது. கலகத்தை என்றால் அடக்குவது. நாலு பேர் எதிரில் ஒருவரை என்றால் மட்டம் தட்டுவது. நோவில் கிடக்கும் கிழ நாயை என்றால் மருத்துவர் ஊசி போட்டு அதன் கதையை முடிப்பது. இதில் எது உங்களுக்கு ‘உடனே’ தேவை? வாக்கியத்தோடு அனுப்புங்கள் என்று எத்தனை முறை சொல்வது?

‘ஹி இஸ் புட்டிங் ஆன் எ ப்ளூ ஷர்ட்’ சரியா? (ஈரோடு ஆசிரியை)

ஆசிரியையே கேட்டால் என்ன செய்வது! சட்டைக்குள் கையை நுழைத்துக்கொண்டிருக்கும் அந்த நிமிடத்துக்கு மட்டும் சரி. ரயிலில் வரும் நண்பருக்கு இப்படி அடையாளம் சொன்னால், கேட்பவர் பிளாட்பாரத்தில் அரைகுறையாகச் சட்டை மாட்டிக்கொண்டு நிற்கும் ஆளைத் தேடுவார். போட்டிருப்பதற்கு ‘வேரிங்’.

கோளாறு ஆங்கிலத்தில் இல்லை, நம் ‘போடு’வில் இருக்கிறது. காபி போடுகிறோம், கோலம் போடுகிறோம், கணக்கு, கையெழுத்து, ஊசி, சண்டை, தாழ்ப்பாள் எல்லாம் போடுகிறோம். பூனைகூடக் குட்டி போடுகிறது. அத்தனைக்கும் ‘புட்’ என்று வைத்துக்கொண்டால் ‘மை மதர் புட் காஃபி’ என்று வரும். கேட்பவர் ‘எங்கே?’ என்பார். அவர் கிண்டல் செய்யவில்லை. ‘புட்’டுக்குப் பின்னால் எதை, எங்கே என்று இரண்டும் வந்தால்தான் அவர் காதுக்கு வாக்கியம் முடியும். காபிக்கு ‘மேக்’, கோலத்துக்கு ‘டிரா’, கணக்குக்கு ‘டூ’, ஊசிக்கு ‘கிவ்’. கையெழுத்துக்கு ‘சைன்’ மட்டும் போதும். ‘புட் யுவர் சைன்’ என்று வங்கி கவுன்டரில் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பேனாவே ஓடுவதில்லை. வினையைத் தனியாகப் படிக்காதீர்கள், அதனோடு வரும் பொருளையும் சேர்த்துப் படியுங்கள். போன முறையும் இதைத்தான் சொன்னேன்.

‘வேர் ஆர் யூ புட் அப்?’ தவறா?

நம் நாட்டில் புழங்குகிறது, புரியும். வெளியே போனால் ‘யார் வீட்டில் விருந்தாளியாகத் தங்கியிருக்கிறீர்கள்’ என்கிற மாதிரி கேட்கும். சொந்த வீட்டுக்காரரிடம் ‘வேர் டு யூ லிவ்’ என்றே கேளுங்கள்.

‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’. இவற்றில் ‘இட்’ எங்கே வரும்?

தள்ளிப்போடுவதற்கு நடுவில்: புட் இட் ஆஃப். பொறுத்துக்கொள்வதற்குக் கடைசியில்: புட் அப் வித் இட்.

‘ஸ்டே புட்’?

இருந்த இடத்திலேயே இரு. இதற்கு வாக்கியம் வேண்டாம்.

பங்குச் சந்தை ‘புட் ஆப்ஷன்’ எந்த ‘புட்’? வாங்கலாமா?

அதே ‘புட்’தான். பேசிய விலைக்குப் பங்கை விற்று எதிராளி தலையில் கட்டும் உரிமை. கட்டியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாங்கலாமா என்பதை உங்கள் தரகரிடம் கேளுங்கள். கேட்கும்போது வாக்கியமாகக் கேளுங்கள்.