வெளிநாடு செல்லும் குடும்பத்தின் வரவு செலவும் வங்கிக் கணக்கும்: கேள்வி பதில்

இலங்கையின் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் வங்கிக் கிளைகளின் வெளிநாட்டு நாணயப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வெளிநாடு செல்லவிருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே விடை தருகிறேன். விசாக் கட்டணங்களும் மத்திய வங்கியின் வரம்புகளும் அடிக்கடி மாறுபவை என்பதால், பணம் கட்டும் நாளில் உரிய அரச இணையத்தளத்தில் தொகையை ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (களுவாஞ்சிக்குடி): ஐயா, என் கணவருக்கு இங்கிலாந்தில் பொறியியலாளர் வேலை உறுதியாகியுள்ளது. விசா மூன்று ஆண்டுகளுக்கு. எங்களுக்கு இரண்டு சிறு பிள்ளைகள். கையில் 70 இலட்சம் ரூபாய் சேமிப்பு உண்டு. நால்வரும் ஒன்றாகப் புறப்பட இது போதுமா?

பதில்: தங்கையே, பலரும் விமானச் சீட்டிலிருந்து கணக்கைத் தொடங்குகிறார்கள், ஆனால் பெரிய செலவு அங்கே இல்லை. அங்குள்ள அரச மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்காக விசா விண்ணப்பத்துடன் சேர்த்துக் கட்டவேண்டிய சுகாதார மேலதிகக் கட்டணம் 2024 பெப்ரவரி முதல் பெரியவருக்கு ஆண்டொன்றுக்கு 1,035 பவுண்ஸ், பிள்ளைக்கு 776 பவுண்ஸ். விசாக் காலம் முழுவதற்குமான தொகையை முன்கூட்டியே ஒரே தடவையில் கட்டவேண்டும். உங்கள் நால்வருக்கும் மூன்று ஆண்டுகளுக்கு 10,866 பவுண்ஸ் ஆகும். ஒரு பவுண்ஸை 400 ரூபாயாக வைத்துப் பார்த்தால் 43 இலட்சத்துக்கும் அதிகம். தாதியர், மருத்துவர் போன்றோருக்குரிய சுகாதாரப் பராமரிப்பு விசாவில் செல்வோருக்கு இக்கட்டணம் இல்லை. உங்கள் கணவருக்கு அந்த விலக்குக் கிடையாது.

இதைத் தவிர, கணவருக்கு 1,270, உங்களுக்கு 285, முதற் பிள்ளைக்கு 315, அடுத்த பிள்ளைக்கு 200 என 2,070 பவுண்ஸ் பெறுமதியான பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாட்கள் குறையாமல் இருந்ததைக் காட்டவேண்டும். முதல் மாதச் செலவைத் தாம் பொறுப்பேற்பதாக வேலை தருபவர் எழுதிக் கொடுத்தால் அது தேவையில்லை. ஆகவே அதை முதலில் அவரிடம் கேளுங்கள். அங்கே போய் இறங்கியதும் வீட்டுக்கு முதல் மாத வாடகையும், சாதாரண வாடகை வீடுகளுக்கு ஐந்து வார வாடகை வரையிலான வைப்புப் பணமும் கொடுக்கவேண்டும். அந்த வைப்புப் பணத்தை வீட்டுக்காரர் 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றில் இடவேண்டும் என்பது சட்டம். அதற்கான அத்தாட்சியைக் கேட்டு வாங்குங்கள். சம்பளம் மாத முடிவில்தான் வரும். மாத நடுவில் வேலையில் சேர்ந்தால், அந்த மாதச் சம்பளப் பட்டியல் மூடப்பட்டு, முதற் சம்பளம் அடுத்த மாத இறுதிவரை தள்ளிப்போகவும் கூடும். அதாவது ஆறு, ஏழு வாரங்கள் வருமானமே இல்லாமல் நான்கு பேர் சாப்பிடவேண்டும்.

எனவே கணவர் முதலில் போகட்டும் என்பதே என் கருத்து. அவருக்கு மட்டும் இப்போது கட்டவேண்டிய சுகாதாரக் கட்டணம் 3,105 பவுண்ஸ், ஏறத்தாழ 12 இலட்சம் ரூபாய். நான்கைந்து மாதங்களின் பின் நீங்கள் விண்ணப்பிக்கும்போது மீதியின் ஒரு பகுதியை அவருடைய சம்பளத்திலிருந்தே பவுண்ஸாகக் கட்டலாம். ரூபாய் விழுந்தாலும் அந்தப் பகுதியை அது பாதிக்காது. பிள்ளைகள் தகப்பனைப் பிரிந்திருக்கும் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும், இரண்டாம் மாதத்தில் வாடகைக்குக் கடன் கேட்டு இங்கே தொலைபேசி எடுத்த குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன்.

கேள்வி (ஆரையம்பதி): பணத்தை ரூபாயாகவே வைத்திருப்பதா, இப்போதே டொலராக்கி வைப்பதா?

பதில்: 2022 மார்ச் 7 அன்று மத்திய வங்கி ரூபாயின் பிடியைத் தளர்த்தியது. அதற்கு முன் ஒரு டொலர் 203 ரூபாயளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. என் அக்காவின் மகள் படிப்புக் கட்டணத்துக்கென 30 இலட்சம் சேர்த்து வைத்திருந்தாள். பெப்ரவரியில் அது 14,700 டொலருக்கு மேல். மே மாதத்தில் அதே பணம் 8,300 டொலரளவுதான். அவள் அந்த ஆண்டு போகவில்லை. அவளுடைய சேமிப்புப் புத்தகத்தில் ஒரு சதம்கூடக் குறையவில்லை என்பதுதான் அதில் வேதனையான விடயம்.

இதற்காக டொலர் தாள்களை வாங்கி அலுமாரியில் அடுக்கச் சொல்லவில்லை. அது சட்டச் சிக்கலையும் திருட்டுப் பயத்தையும் கொண்டுவரும். வங்கியிலுள்ள தனிநபர் வெளிநாட்டு நாணயக் கணக்கும் வெளிநாட்டிலிருந்து வரும் பணத்துக்கானதே. உங்கள் ரூபாயை டொலராக்கி அதில் இடுவதற்கானதன்று. செய்யக்கூடியவை இரண்டு உண்டு. உறவினர் வெளிநாட்டிலிருந்து உதவி அனுப்பினால், அதை ரூபாயாக்காமல் அந்தக் கணக்கிலேயே விட்டுவையுங்கள். பல்கலைக்கழகக் கட்டணம், விசாக் கட்டணம் போன்றவற்றின் தொகை உறுதியானதும், கடைசி நாள்வரை காத்திராமல் வங்கியூடாகக் கட்டிவிடுங்கள்.

கேள்வி (அக்கரைப்பற்று): கனடாவில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கிறோம். காட்டவேண்டிய பணத்தில் 20 இலட்சம் குறைகிறது. மாமா ஒரு மாதத்துக்குத் தருவதாகச் சொல்கிறார். கணக்கில் போட்டுக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், தம்பி. கனடா அரசு கேட்கும் வங்கிக் கடிதத்தில் இன்றைய மீதி மட்டும் இருந்தால் போதாது. கடந்த ஆறு மாதச் சராசரி மீதியும், உங்கள் பெயரிலுள்ள கடன்களும் கடனட்டை நிலுவையும் இருக்கவேண்டும். கடன் வாங்கிய பணம் கணக்கில் எடுக்கப்படாது என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. காணியின் பெறுமதியும் எடுக்கப்படாது. திடீரென்று வந்த 20 இலட்சத்துக்கு விளக்கம் கேட்டால், பொய் சொல்லும் நிலைக்கு நீங்கள் தள்ளப்படுவீர்கள். விண்ணப்பத்தில் பொய் கண்டுபிடிக்கப்பட்டால் ஐந்து ஆண்டுகளுக்குத் தடை விதிக்கலாம். மாமா திருப்பிக் கேட்கமாட்டார் என்றால், நன்கொடை என்று கையெழுத்திட்ட கடிதத்துடன் இப்போதே உங்கள் கணக்கில் இடட்டும். திருப்பிக் கேட்பார் என்றால், உங்கள் சேமிப்பு நிரம்பும்வரை பொறுங்கள்.

கேள்வி (காத்தான்குடி): அஸ்ஸலாமு அலைக்கும். வட்டியைத் தவிர்ப்பவர்கள் நாங்கள். அங்கே கடனட்டை இல்லாமல் வாழமுடியாது என்கிறார்கள். உண்மையா?

பதில்: வஅலைக்குமுஸ்ஸலாம், சகோதரரே. அன்றாடச் செலவுக்கு வங்கி அட்டையே போதும். ஆனால் கனடாவிலும் இங்கிலாந்திலும் வீட்டுக்காரரும் தொலைபேசி நிறுவனமும் உங்கள் கடன் வரலாற்றைப் பார்க்கிறார்கள்; இங்கே எவ்வளவு நாணயமாக இருந்தாலும் அங்கே அது வெற்றுத் தாளிலிருந்தே தொடங்குகிறது. கடனட்டையால் பொருள் வாங்கி, மாதக் கணக்குக் கூற்றிலுள்ள முழுத் தொகையையும் உரிய திகதிக்குள் கட்டினால் வட்டி விழாது, வரலாறும் உருவாகும். அட்டையால் பணத் தாள் எடுத்தால் அன்றைக்கே வட்டி தொடங்குவதுண்டு, அதை மட்டும் செய்யாதீர்கள். உடன்படிக்கையில் வட்டி வாசகம் இருப்பதே மார்க்கப்படி கூடுமா என்பது உங்கள் உலமாவிடம் கேட்கவேண்டியது. அதில் நான் பேசுவது முறையன்று.

கேள்வி (செங்கலடி): இங்கிலாந்து வேலைக்கான அனுசரணைச் சான்றிதழுக்கு முகவர் 45 இலட்சம் கேட்கிறார். அம்மா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த வீட்டை ஈடு வைத்து, 12 பவுண் நகையையும் அடகு வைக்கலாமென்று அவர் (கணவர்) சொல்கிறார். செய்யலாமா?

பதில்: மகளே, முதலில் அந்தச் சான்றிதழைப் பற்றி. அதை வேலை தருபவர் தம் செலவில் வழங்கவேண்டும். திறன்சார் தொழிலாளர் விசாவுக்கு அந்தக் கட்டணத்தைத் தொழிலாளியிடம் அறவிடுவது தடைசெய்யப்பட்டுள்ளது. மேலும், வெளிநாட்டிலிருந்து பராமரிப்புப் பணியாளரைப் புதிதாக எடுப்பதை இங்கிலாந்து 2025 யூலை 22 முதல் நிறுத்திவிட்டது. அந்த வேலை என்று சொல்லி ஒருவர் பணம் கேட்டால், பேச்சை அத்துடன் நிறுத்துங்கள். எந்த முகவரானாலும், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அவருடைய அனுமதிப்பத்திரத்தைச் சரிபாருங்கள்.

அடுத்தது வீடு. நம் பகுதியில் தாய் வீடு மகளுக்குப் போவது வெறும் வழக்கமன்று. பிள்ளைகளுடன் ஒரு பெண் எந்த நிலையிலும் திரும்பி வந்து இருக்கக்கூடிய இடம் அது. பெரும்பாலும் அம்மாவும் அதே வீட்டில்தான் இருப்பார். பயணத்துக்காக அந்த வீட்டு உறுதியை ஈடு வைத்தால், பயணம் தவறிப்போகும் நாளில் உங்கள் இருவருக்கும் கூரை இருக்காது. நகை வேறு வகை. வேலையும் விசாவும் கையில் கிடைத்த பின் ஒரு பகுதியை அடகு வைப்பதில் தவறில்லை. ஆனால் வட்டி கட்ட இங்கே ஒருவரை நியமித்து, மீட்கவேண்டிய திகதியை அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். ஏலத்துக்குப் போன நகைகளுக்குள் இருந்த ஒரு தாலிக்கொடியை நான் என் கையாலே எடுத்து எடைபோட்டிருக்கிறேன். உரியவர் கட்டாரில் இருந்தார். தவணை முடிந்ததை அவருக்குச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

கேள்வி (வாழைச்சேனை): உண்டியலில் (வங்கியூடாக அன்றி ஆட்கள் மூலம்) பணம் அனுப்பினால் கூடுதல் ரூபாய் கிடைக்கிறதே?

பதில்: கிடைக்கலாம். ஆனால் பணம் வந்து சேராவிட்டால் முறையிட இடமில்லை. முன்பின் அறியாதவரின் பணம் உங்கள் கணக்கில் விழுந்தால் கணக்கு முடக்கப்பட்டு விசாரணையும் வரலாம். நாளை அங்கே வீடு வாங்கும்போது இந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். அப்போது காட்ட உங்களிடம் வங்கி ஆவணம் எதுவும் இருக்காது.

கேள்வி (கல்முனை): வாப்பாவுக்கும் உம்மாவுக்குமாக 25 இலட்சத்தை நிலையான வைப்பில் விட்டுப்போக நினைக்கிறேன். யார் பெயரில் வைப்பது நல்லது?

பதில்: அவர்கள் பெயரையும் சேர்த்து, உங்களில் எவரும் தனித்து இயக்கலாம் என்ற முறையில் வையுங்கள். அற்றோர்னித் தத்துவத்தை (உங்களுக்காகச் செயற்பட இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரத்தை) மட்டும் நம்பவேண்டாம். கொடுத்தவர் காலமானால் அது அன்றே செயலிழந்துவிடும். வைப்புக் காப்புறுதி ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் வரைதான், ஆகவே இரண்டு மூன்று வங்கிகளாகப் பிரிப்பது நல்லது. 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதம் வரியாகப் பிடிக்கப்படுகிறது. ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்ட பெற்றோர், வைப்பு அவர்கள் பெயரிலிருந்தால், வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம்.

கேள்வி (அம்பாறை): தனியார் நிறுவனத்தில் பதினோரு ஆண்டு வேலை. ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொண்டு போகமுடியுமா?

பதில்: நிரந்தரமாகக் குடிபெயர்வதற்கான விசா இருந்தால் எடுக்கலாம். தற்காலிக வேலை விசா அதற்குப் போதாது.

கேள்வி (திருக்கோவில்): இங்குள்ள சேமிப்புக் கணக்கை மூடிவிட்டுப் போவதா?

பதில்: மூடவேண்டாம், ஆனால் உயிரோடு வைத்திருங்கள். கொடுக்கல் வாங்கல் இல்லாத கணக்கு செயலற்றதாகும். பத்து ஆண்டுகள் அப்படியே கிடந்தால் பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். அதைவிட அவசரமானது உங்கள் தொலைபேசி இலக்கம். என் மகன் வெளிநாடு போன முதல் வாரத்தில், மட்டக்களப்பிலிருந்த தன் கணக்கிலிருந்து வாடகைப் பணம் எடுக்க முயன்றான். ஒருதடவைக் கடவு எண் (OTP), அவன் இங்கே மேசை லாச்சியில் விட்டுப்போன பழைய சிம் அட்டைக்கு வந்துகொண்டிருந்தது. நான் அதை என் தொலைபேசியில் செருகி எண்ணை வாசிக்க, அங்கே நேரம் கடந்துவிடும். மூன்று தடவை தவறியதும் கணக்கே பூட்டிக்கொண்டது. திறக்க அவன் நேரில் வரவேண்டும் என்றார்கள்.

ஆகவே புறப்படுவதற்குப் பத்து நாட்களுக்கு முன்னரே சிம்மில் வெளிநாட்டுச் சேவையை இயக்கி, அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்; மாதம் தவறாமல் சிறு தொகை மீள்நிரப்புங்கள். அட்டை வெளிநாட்டில் இயங்க அனுமதி எழுதிக் கொடுங்கள். மனைவிக்குத் தனி அட்டை, தனி இலக்கம், தனிக் கடவுச்சொல் இருக்கட்டும். அங்கே இயந்திரம் ரூபாயில் அறவிடவா, உள்ளூர் நாணயத்திலா என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே அழுத்துங்கள். ரூபாயை அழுத்தினால் மோசமான மாற்று வீதத்தையே பெரும்பாலும் போடுவார்கள். இவற்றையெல்லாம் கிளையில் முடித்துவிட்டு வெளியே வரும் அன்றே, வாசலிலுள்ள இயந்திரத்தில் ஒரு ஆயிரம் ரூபாய் எடுத்து, கடவு எண் உங்கள் தொலைபேசிக்கு வருகிறதா என்பதையும் ஒரு சிறு இணையக் கொடுப்பனவு செய்து பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.