சேமித்த பக்கத்தின் தேதி – கடிதம்

அன்புள்ள ஐயா,

யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியேற்றத்துக்கு முந்தைய தமிழ் இணைய இதழ்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். பல இதழ்கள் இன்று இல்லை. ஆனால் எல்லாம், பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பத்திரமாக இருக்கின்றன. அதில் காணும் தேதியே, அன்று அந்தப் பக்கம் அப்படித்தான் இருந்தது என்பதற்குச் சான்று என்கிறேன். நெறியாளர் ஏற்க மறுக்கிறார். சில பக்கங்கள் வெறும் கிறுக்கலாகத் தெரிகின்றன. சேமிக்கும்போதே கெட்டுவிட்டனவா?

– ஆய்வு மாணவர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நெறியாளர் பக்கம்தான் நான்.

வேபேக் மெஷின் பக்கத்தைப் புகைப்படம் எடுப்பதில்லை. எழுத்து, படம், வடிவமைப்பு என ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, பல சமயம் வெவ்வேறு நாட்களில் எடுத்து வைக்கிறது. நீங்கள் கேட்கும்போது அவற்றைச் சேர்த்துக் காட்டுகிறது. அதே நாளின் படம் இல்லையென்றால், கிடைப்பதில் தேதி நெருங்கியதை ஒட்டிவிடும். அமெரிக்காவின் ஓல்டு டொமினியன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வானிலைப் பக்கத்தைக் காட்டினார்கள். 2004 டிசம்பரில் சேமிக்கப்பட்டது. எழுத்தில் தூறல் என்று இருக்கிறது. பக்கத்திலேயே உள்ள ரேடார் படத்தில் வானம் வெளுத்துக் கிடக்கிறது. அந்தப் படம் ஏறத்தாழ ஒன்பது மாதங்களுக்குப் பிறகு சேமிக்கப்பட்டது! மேலே தெரியும் தேதி முதன்மைக் கோப்புக்கு உரியது மட்டுமே. பக்கத்தின் ஒவ்வொரு பகுதியும் எப்போது எடுக்கப்பட்டது என்று காட்டும் வசதியை 2017இல் வேபேக் மெஷினிலேயே சேர்த்தார்கள். இதழின் அட்டைப்படத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதானாலும் அதைத் திறந்து பார்த்துவிட்டு எழுதுங்கள். தவிர, சேமித்த தேதி வெளியான தேதியும் அல்ல. பக்கம் அந்தத் தேதிக்குள் வெளியாகிவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

கிறுக்கல் விஷயத்தில் நல்ல செய்தி: பெரும்பாலும் ஒன்றும் கெட்டிருக்காது. யூனிகோடுக்கு முன் கணினித் தமிழுக்குப் பயன்பட்ட திஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில் எழுதிய பக்கத்தை, உரிய எழுத்துரு இல்லாத உலாவி ஐரோப்பிய எழுத்துகளாகக் காட்டும். உரையை எடுத்து யூனிகோடு மாற்றியில் இட்டுப் பாருங்கள். எந்தக் குறியேற்றம் என்பது தெரியாவிட்டால் ஒவ்வொன்றாக முயல வேண்டும், அலுப்பான வேலைதான். மாற்றிய உரையோடு மூலக் கோப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிகள் பிழை செய்யும்.

"எல்லாம்" இருக்கின்றன என்பதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. சுட்டிகளைத் தொடர்ந்து சென்று பக்கங்களைச் சேகரிக்கும் அதன் நிரல், யாரும் சுட்டாத பக்கத்தைக் காணாமலே போகும். தேடல் பெட்டிக்குப் பின்னால் இருந்தவை, கடவுச்சொல் கேட்டவை ஆகியவற்றுக்குள் அதனால் நுழைய முடியாது. தள உரிமையாளர் கேட்டுக்கொண்டால் சேமித்தவையும் பார்வையிலிருந்து விலக்கப்படுவதுண்டு. எனவே, அங்கே கிடைக்காத இதழ் வெளிவரவே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

அந்த இதழ்களில் எழுதியவர்கள் பலர் யாகூ குழுமங்கள் என்ற மின்னஞ்சல் விவாதக் குழுக்களிலும் விவாதித்தார்கள். பழைய மடல்களைத் தளத்திலிருந்து நீக்கப்போவதாக யாகூ 2019 அக்டோபரில் அறிவித்தபோது தன்னார்வலர்கள் இயன்றதைச் சேமித்தார்கள். உறுப்பினருக்கு மட்டும் திறந்திருந்த குழுமங்கள் பெரும்பாலும் தப்பவில்லை. ஆனால் அவற்றின் மடல்கள் மின்னஞ்சலாகவும் போயின. யாராவது ஒருவர் அழிக்காமல் வைத்திருக்கக்கூடும். பழைய ஆசிரியர்களுக்கு எழுதிக் கேளுங்கள். கிடைத்தால், மடல் எழுதியவர்களின் ஒப்புதல் இல்லாமல் ஆய்வேட்டில் சேர்க்காதீர்கள்.