மோந்து பார்த்துவிட்டுப் போகும் பூனைக்கு என்ன வாங்குவது?

ஜூன் பிறந்தால் கால்நடை மருத்துவனான எனக்கு வருகிற கேள்விகளில் பாதி பூனைச் சாப்பாடு பற்றித்தான். காரணம் கடல். நம் குமரி மாவட்ட மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகு போகாது, அந்தப் பக்கம் கேரளத்திலும் டிராலிங் தடை. வள்ளத்தில் வருகிற கொஞ்ச மீனுக்கு மனிதர்களே அடித்துக்கொள்ளும்போது பூச்சைக்கு யார் சாளை வாங்கிப் போடுவது? மீன்வண்டி ஹாரன் கேட்டதும் மதிலில் ஏறி உட்கார்ந்து பழகிய பூனைக்குத் திடீரென்று ஒரு பாக்கெட்டைப் பிரித்து வைக்கிறோம், அப்புறம் நடப்பது உங்களுக்கே தெரியும். இந்த முறை வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

குளச்சலிலிருந்து ஒரு அக்கா: மூன்று வருஷமாகச் சாளையும் சோறும்தான் டாக்டர். இப்போது பாக்கெட் தீனி வைத்தால் மோந்து பார்த்துவிட்டு, தட்டைச் சுற்றித் தரையைப் பிறாண்டி மூடுகிற மாதிரி செய்துவிட்டுப் போய்விடுகிறது. இரண்டு நாள் பட்டினி போட்டால் வழிக்கு வரும் என்கிறார் வீட்டுக்காரர்.

முதலில் வீட்டுக்காரரைத் தடுங்கள். நாயிடம் ஒருவேளை அது நடக்கும், பூனையிடம் நடக்காது. பூனை இரண்டு மூன்று நாள் ஒன்றும் தின்னாமல் இருந்தால் உடம்பிலிருக்கும் கொழுப்பெல்லாம் கிளம்பிப் போய்க் கல்லீரலில் அடைத்துக்கொள்ளும், குண்டுப் பூனை என்றால் ஆபத்து இன்னும் அதிகம். கண் வெள்ளையும் காதின் உட்புறமும் மஞ்சளாகி என்னிடம் தூக்கி வந்த பூனைகளில் சில பிழைக்கவில்லை. ஒரு முழு நாள் எதையுமே தொடவில்லை என்றால் அதைப் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள், காட்டிவிடுங்கள். ஆசையாக ஓடி வந்து, வாயில் எடுத்து, கீழே போடுகிறதா? அப்படியானால் பல்லையும் ஈறையும் பார்க்க வேண்டும்.

சரி, உடம்பில் ஒன்றுமில்லை, வீம்புதான் என்றால் பத்து நாள் கணக்கு வையுங்கள். பூனைக்கு நாக்கைவிட மூக்குதான் முதலாளி, குட்டியில் எந்த வாசனையோடு வளர்ந்ததோ அதைத்தான் சாப்பாடு என்று நம்பும். இரண்டு சாளையை உப்பும் மிளகாயும் போடாமல் வெந்நீரில் வேகவைத்து, முள்ளெடுத்து உதிர்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், சரக்கே அதுதான். முதல் இரண்டு நாள் பழைய சாப்பாட்டில் ஏழெட்டு உருண்டை தீனியைப் பொடித்துக் கலக்கினால் போதும். பிறகு நாளுக்கு நாள் மீனைக் குறைத்துத் தீனியைக் கூட்டுங்கள், மேலே ஒரு ஸ்பூன் அந்தச் சாளைத் தண்ணீரை வெதுவெதுப்பாக ஊற்றிக்கொண்டே வாருங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிரோடு வைத்தால் எந்த உயர்ந்த தீனியும் அதற்கு மண்தான். பிடித்த எலி எவ்வளவு சூடாக இருக்குமோ அந்தச் சூடு வேண்டும்.

இன்னொன்று. சாளை, நெத்தோலி வகைகளைப் பச்சையாகத் தினமும் போடுகிற வீடுகள் உண்டு. அந்த மீன்களில் தயமின் என்ற பி1 வைட்டமினை அழிக்கிற பொருள் இருக்கிறது, வேகவைத்தால் அது போய்விடும். பச்சையாகவே மாதக்கணக்கில் தின்ற பூனை, தலையைத் தூக்க முடியாமல் கழுத்து மடங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். ஆக, மீன் திரும்பி வந்த பிறகும் முழுக்க மீனுக்கே போய்விடாதீர்கள்.

மார்த்தாண்டம்: சூப்பர் மார்க்கெட்டில் ஒரு அலமாரி முழுக்க இருக்கிறது. விஸ்காஸ், மீ-ஓ, ட்ரூல்ஸ், ஷீபா, இன்னும் என்னவெல்லாமோ. விலை குறைவாகவும் இருக்க வேண்டும், தரமாகவும் இருக்க வேண்டும். எதைப் பார்த்து வாங்குவது?

பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்து வாங்குங்கள். முன்பக்கம் இருக்கிற பூனைப் படமும் சால்மன் படமும் உங்களுக்காக அச்சடித்தவை. பச்சை சிவப்பு மஞ்சளாக இருக்கும் உருண்டைகளும் அப்படியே, பூனைக்கு அந்த நிறங்களில் அக்கறை கிடையாது.

பின்பக்கத்தில் முதலில் தேட வேண்டியது, இது முழுமையான, சமச்சீரான உணவு என்ற வாசகம். ஆங்கிலத்தில் 'கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு' என்று போட்டிருப்பார்கள். 'காம்ப்ளிமென்டரி' என்றோ 'ட்ரீட்' என்றோ இருந்தால் அது தொட்டுக்கொள்ள, அதை மட்டுமே போட்டு வளர்க்க முடியாது. குழாயில் பிதுக்கி நக்க வைக்கும் கிரீம்கள் பெரும்பாலும் இந்த வகை. அடுத்தது யாருக்கான தீனி என்பது: குட்டிக்கா, பெரியதற்கா. அப்புறம் பொருள் பட்டியல். எடை அதிகமானது முதலில் வரும். கோழி, மீன் அல்லது அவற்றின் மாவு முதல் இடங்களில் இருந்தால் நல்லது. சோளம், அரிசி, கோதுமை, சோயா என்று நான்கையும் தனித்தனியாகப் பிரித்து எழுதியிருந்தால் மனதுக்குள் கூட்டிப் பாருங்கள், கோழியை முந்திவிடும். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய டாரின் என்ற சத்தின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும்.

புரதக் கணக்கில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உலர் தீனியில் 30 சதவீதம் என்றிருக்கும், பவுச் என்கிற சின்னப் பையில் வரும் ஈரத் தீனியில் 8 சதவீதம் என்றிருக்கும், உடனே பவுச் வெறும் தண்ணீர் என்று வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தண்ணீரைக் கழித்துவிட்டுப் பாருங்கள். பவுச்சில் ஈரம் 82 என்றால் மிச்சம் 18, அதில் 8 புரதம், அதாவது நூற்றுக்கு 44. உலர் தீனியில் ஈரம் 10, மிச்சம் 90, அதில் 30 என்றால் நூற்றுக்கு 33தான். தீவன அளவுகளை வகுக்கும் அமெரிக்காவின் ஆஃப்கோ அமைப்பு, இப்படித் தண்ணீர் கழித்த கணக்கில் பெரிய பூனைக்குக் குறைந்தது 26, குட்டிக்கு 30 என்கிறது. அதற்கு மேலே எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது என் கட்சி.

விலையைக் கிலோவுக்குப் பார்க்காதீர்கள், நாளுக்குப் பாருங்கள். ஒன்று கிலோ 300 ரூபாய், இன்னொன்று 420 என்று வைத்துக்கொள்வோம். மலிவானது நாளுக்கு 60 கிராம் தேவைப்படும், சத்து அடர்ந்தது 50 கிராமில் முடிந்துவிடும் என்றால் ஒன்றுக்கு 18 ரூபாய், மற்றதற்கு 21. மூன்று ரூபாய் வித்தியாசம். ஒரு டீக்கும் காணாது. எத்தனை கிராம் என்பது பின்பக்க அட்டவணையிலேயே இருக்கும். மலிவான பாக்கெட்டே இந்தச் சோதனையில் எல்லாம் தேறினால் தாராளமாக வாங்குங்கள், விலை கூடியதெல்லாம் தரம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் முதல்முறை பெரிய பை வேண்டாம். சின்னதை வாங்கி, நம்ம ஆள் தின்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பெரியதற்குப் போங்கள்.

களியக்காவிளை: பவுச் போட்டால் குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே வைத்துவிடுகிறது. ஒரு நாளைக்கு நான்கு பவுச் உடைக்கிறேன், கட்டுப்படியாகவில்லை.

நான்கு உடைத்தால் யாருக்கும் கட்டுப்படியாகாது. நக்கி முடித்ததும் அடுத்தது வருகிறது என்று அது கண்டுபிடித்துவிட்டது, அவ்வளவுதான். துண்டுகளை முள்கரண்டியால் நன்றாக மசித்து, ஒரு ஸ்பூன் வெந்நீர் விட்டுக் குழைத்து வையுங்கள், குழம்பு வேறு துண்டு வேறு என்று பிரிக்க முடியாதபடி. அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளைதான் அடுத்தது. கிரேவிக்குப் பதிலாக மசித்த பதத்தில் வருகிற வகையும் கிடைக்கிறது, அதையும் ஒருமுறை முயன்று பாருங்கள்.

செலவுக்கு நான் சொல்லும் வழி பாதிப் பாதி. நான்கு கிலோ பூனைக்கு நாளுக்கு ஏறத்தாழ 220 கலோரி போதும். ஒரு பவுச்சில் 60, 70 கலோரி வரும், 40 கிராம் உலர் தீனியில் 150 வரும். ஒரு பவுச்சும் 40 கிராமும், கணக்கு முடிந்தது.

சுசீந்திரம்: நாங்கள் சைவம். எங்கள் பூனை தயிர்சாதமும் பாலும் சாப்பிட்டு நன்றாகத்தான் இருக்கிறது. சைவத் தீனி ஏதாவது வாங்கலாமா?

உங்கள் பூனையும் சைவம் என்று அதனிடம் கேட்டீர்களா? தயிர்சாதத்தில் வயிறு நிறைகிறது, மிச்சத்தை அது இரவில் தேரடிப் பக்கமும் தென்னந்தோப்பிலும் எலியாகவும் ஓணானாகவும் சரிக்கட்டிக்கொள்கிறது. வீட்டுக்குள்ளேயே பூட்டி வைத்து இதையே போட்டால் கதை வேறு. டாரின் என்ற சத்து செடியில் கிடையாது, பூனையின் உடம்பு அதைப் போதுமான அளவு தயாரித்துக்கொள்ளவும் தெரியாது. குறைந்தால் கண்ணின் விழித்திரை கெடும், இதயம் பலூன் மாதிரி ஊதிப் பலமிழக்கும். இதயத்துக்கும் டாரினுக்கும் உள்ள இந்தத் தொடர்பு 1987இல்தான் கலிபோர்னியாவில் வெளிச்சத்துக்கு வந்தது, அதற்குப் பிறகே தீனிக் கம்பெனிகள் டாரின் அளவைக் கூட்டின. வைட்டமின் ஏ கதையும் இதுதான். கேரட்டில் இருப்பதை நாம் மாற்றிக்கொள்வோம், பூனையால் முடியாது.

உங்களைப் போன்ற வீடுகளுக்குத்தான் பாக்கெட் உண்மையில் வசதி. அடுக்களையில் மீன் ஏற வேண்டாம், கத்தி படாது. பின்வாசலில் தனிக் கிண்ணம், தனி ஸ்பூன், உலர் தீனி. பெரிய மனதோடு அதைச் செய்யுங்கள். பால் பல பூனைகளுக்கு வயிற்றைக் கலக்கும், தண்ணீர் போதும். பாயசத்தை நக்குகிறதே என்பீர்கள். இனிப்பு என்ற சுவையே பூனைக்குத் தெரியாது, அது தேடிப்போவது பாலின் கொழுப்பை.

அதே ஊர்ப் பக்கம், வேறொருவர்: நாய்த் தீனி மலிவு. இரண்டுக்கும் ஒன்றே போதாதா?

போதாது. நாய் டாரினைத் தானே தயாரித்துக்கொள்ளும், அதனால் அதன் தீனியில் பூனைக்கு வேண்டிய அளவு இருக்காது, புரதமும் குறைவு. நாயின் தட்டில் எப்போதாவது திருடினால் ஒன்றும் ஆகாது.

பாறசாலை: ஏழு கிலோ பை வாங்கினேன். முதல் மாதம் விழுந்து விழுந்து தின்றது, இப்போது பக்கத்திலேயே வரவில்லை.

பிராண்டை மாற்றுவதற்கு முன் பைக்குள் மூக்கை நுழைத்துப் பாருங்கள். உலர் தீனியின் மேல் கொழுப்பும் வாசனைச் சாறும் தெளித்திருப்பார்கள், காற்றும் ஈரமும் பட்டால் அதுதான் முதலில் சிக்கு வாடை அடிக்கும். எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையில் நம் பக்கம் தீப்பெட்டியே பற்றாது, திறந்த பை எப்படி நிற்கும்? நானும் இதில் அகப்பட்டவன். பணம் மிச்சம் என்று டவுனில் ஒரு கடையில் சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுக்கிற தீனியை இரண்டு கிலோ வாங்கி வந்தேன். என்னுடைய சாம்பல் பூனை தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டது. ஒரு உருண்டையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் பழைய எண்ணெய்ப் பலகார வாடை. எந்தக் கம்பெனி, என்றைக்கு வந்தது, எப்போது கெடும், எதுவும் அந்தச் சாக்கில் இல்லை. மலிவு என்று நினைத்ததைக் கடைசியில் கோழிகள்தான் கொத்தின.

ஒரு மாதத்தில் தீர்கிற அளவு வாங்குங்கள். பையைப் பிரித்துக் கொட்டாமல், பையோடு சுருட்டி மூடி, இறுக்கமான டப்பாவுக்குள் வையுங்கள். எறும்புக்குத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தாம்பாளத்தில் நிறுத்துங்கள், பாட்டிமார் பலகாரத்துக்குச் செய்தது இதற்கும் நடக்கும்.

தக்கலை: கருத்தடை செய்த ஆண் பூனை. மலிவான உலர் தீனி மட்டும்தான், மணிக்கொருதரம் கேட்கிறது, குண்டாகிக்கொண்டே போகிறது.

கருத்தடைக்குப் பிறகு பசி கூடும், தேவை குறையும். தட்டு நிரம்பியே இருக்க வேண்டாம். காலையில் அன்றைய அளவை நிறுத்து ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, அதிலிருந்தே ஐந்தாறு முறை கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பூனை இயல்பிலேயே கொறிக்கிற ஜாதி. உலர் தீனிப் பூனை தண்ணீர் குறைவாகக் குடிக்கும், ஆகவே தினம் ஒரு வேளையாவது நனைத்துக் கொடுங்கள், தண்ணீர்க் கிண்ணத்தைத் தீனித் தட்டிலிருந்து தள்ளி வையுங்கள். ஆண் பூனை ஒன்றுக்குப் போகிற மண் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்து முக்கி, ஒரு சொட்டும் வரவில்லை என்றால் ராத்திரி என்றும் பார்க்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

நாகர்கோவில்: நமக்கு விற்கும் டியூனா டின், கருவாடு, மிச்ச மீன்குழம்பு கொடுக்கலாமா?

தண்ணீரில் அடைத்த டியூனா எப்போதாவது ஒரு ஸ்பூன், சரி. கருவாட்டில் உப்பு, வேண்டாம். மீன்குழம்பு கூடவே கூடாது. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் அரைத்தாலும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும்.

கருங்கல்: ஒன்று பிடித்துவிட்டது. காலம் முழுக்க அதையே கொடுக்கலாமா?

முழுமையான உணவு என்றால் சத்து விஷயத்தில் தடை இல்லை. ஆனால் ஒருநாள் கடையில் அந்தச் சரக்கு வராது, அன்றைக்கு நீங்கள் குளச்சல் அக்காவின் நிலைமைக்கு வந்துவிடுவீர்கள். வாரத்தில் இரண்டு நாள் வேறொரு பிராண்ட், முடிந்தால் ஒன்று கோழி, ஒன்று மீன், இப்படிக் குட்டியிலிருந்தே மாற்றி மாற்றிப் பழக்கி வையுங்கள்.