அம்மாவின் பட்டியும் எங்கள் சாப்பாடும்

கடிதம்

வணக்கம் அக்கா,

போன மாதம் நீங்கள் மரக்கறி உணவைப் பற்றி எழுதிய கட்டுரையை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில் எங்களுக்கு ஒரு மாட்டுப் பட்டி இருக்கிறது. 2022 டிசம்பர் குளிரில் பதினொரு மாடு செத்தது, மிச்சம் பதினாறு. மாடுகள் விடும் மீத்தேன் வாயுவால் பூமி சூடாகிறது என்ற இடம் வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழும்பி மாட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விட்டா.

கார் இல்லாத, விமானம் ஏறாத, மாதத்தில் இரண்டு தரம் இறைச்சி காய்ச்சினாலே பெரிது என்றிருக்கிற சனத்திடம் அதையும் விடச் சொல்வது நியாயமா? 2009இல், போரின் கடைசியில், கஞ்சிக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். ‘சைவம்’ என்ற சொல்லை வைத்து ஊரில் யாரை எந்த வாசலோடு நிறுத்தினார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியும். நாங்கள் இறைச்சியை விட்டால் இரணைமடுக் குளத்துக்கு மழை ஒழுங்காக வந்துவிடுமா?

கோபத்தில் எழுதவில்லை. பதில் வேண்டும்.

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு வாசகர்

பதில்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அம்மா எழும்பிப் போன இடத்தைத் தாண்ட முடியவில்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த டிசம்பரை நானும் கண்டேன். மாண்டஸ் புயல் வங்கக் கடலில் தமிழ்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. எங்களுக்குப் பெருமழை இல்லை. விடாத காற்று, தூறல், இந்த மண் பழகாத குளிர். எங்கள் ஒழுங்கை முடிகிற மேய்ச்சல் தரவையில் அயலவர் ஒருவரின் பட்டி நின்றது. காலையில் அவருடைய மகள் ஓடி வந்து கூப்பிட்டாள். போனோம். கம்பி வேலியோரம் ஒன்றையொன்று அண்டியபடி மாடுகள் விழுந்து கிடந்தன. காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றவை அப்படியே சரிந்திருக்கின்றன. ஒரு பசுவின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு அதன் கன்று மட்டும் நடுங்கியபடி கிடந்தது. தாயின் உடம்பு எப்போதோ குளிர்ந்துவிட்டது, கன்றுக்கு அது விளங்கவில்லை. உரச் சாக்கால் போர்த்தித் தூக்கி வந்து அடுப்படியில் வைத்துத் தேய்த்தோம். பின்னேரம் அதுவும் போய்விட்டது. அந்த மனிதர் அழவில்லை. ஒவ்வொன்றின் காதையும் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். வடக்கிலும் கிழக்கிலும் அந்த இரண்டு மூன்று நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன என்று பிறகு செய்தியில் வந்தது.

இதையெல்லாம் கண்ணால் கண்ட நான், மாடு வளர்க்கும் ஒரு தாய் இதை எப்படி வாசிப்பா என்று யோசிக்காமல் ‘மாடுகள்’ என்று பொதுவாக எழுதிவிட்டேன். அது பிழை. அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

அந்தக் குளிரைக் காலநிலை மாற்றத்தின் தலையில் நேரே கட்ட நான் தயாரில்லை. ஒரு புயல் இழுத்து வந்த குளிர் அது. ஆனால் பருவம் தப்பிப் போகிற காலத்தில், வெட்டவெளியில் நிற்கும் பட்டிதான் முதலில் அடி வாங்கும். அடுத்தது வயல்.

இனிக் கணக்குக்கு வருகிறேன். மனிதர்களால் வெளியாகும் சூடேற்றும் வாயுக்களில் 14.5 வீதம் கால்நடை வளர்ப்பிலிருந்து வருகிறது என்று ஐ.நா. உணவு விவசாய அமைப்பு 2013இல் சொன்னது. அதில் பெரும்பங்கு மாடுகளுடையது. மாடு அசைபோடும்போது அதன் வயிற்றில் உண்டாகும் மீத்தேன் ஏறத்தாழ 12 ஆண்டுதான் காற்றில் நிற்கும், ஆனால் 20 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிட 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். 2018இல் ஜோசப் பூர், தோமஸ் நெமெசெக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 119 நாடுகளில் ஏறத்தாழ 38,700 பண்ணைகளின் தரவைத் திரட்டி ‘சயன்ஸ்’ இதழில் எழுதினார்கள். உலக விவசாய நிலத்தில் 83 வீதத்தை இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் எடுத்துக்கொள்கின்றன. அவை திருப்பித் தருவது எங்களுக்கு வேண்டிய கலோரியில் 18 வீதம். 100 கிராம் புரதம் பெறுவதற்கு இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டில் சராசரியாக 50 கிலோ வாயு போகிறது, கோழியில் 6 கிலோவுக்குக் கிட்ட, பயறு வகையில் ஒரு கிலோவும் இல்லை.

இந்த 50 கிலோ எந்த மாட்டின் கணக்கு என்பதைத்தான் நான் போன மாதம் சொல்லாமல் விட்டேன். காட்டை வெட்டிப் புல்வெளியாக்கி வளர்க்கும் மாடுகளால் ஏறிய சராசரி அது. உங்கள் அம்மாவின் பட்டி வைக்கோலும் தரவைப் புல்லும் அறுவடை முடிந்த வயலின் அடிக்கட்டையும் தின்கிறது. சாணம் வயலுக்குப் போகிறது. மகளுக்குக் கலியாணம், மகனுக்குக் கம்பஸ் என்றால் இரண்டு மாடு விலைப்படுகிறது. வன்னியில் பட்டி என்பது சேமிப்புப் புத்தகம். நாட்டு மாடு கொஞ்சமாகப் பால் கறப்பதால் ஒரு லீற்றருக்கான மீத்தேன் கணக்கு அதில் கூடத்தான் வரும், அதை மறைக்க மாட்டேன். அதற்காகப் பதினாறு மாடு வைத்திருக்கும் ஒரு தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவும் மாட்டேன். இலங்கையில் ஓர் ஆளுக்கு ஆண்டில் விழும் கரியமில வாயு ஏறத்தாழ ஒரு தொன், கனடாவில் 14 தொன் அளவு. கனடாவிலும் பிரான்சிலும் இருந்து இதை வாசிக்கும் எங்கள் சனத்திடம்தான் நான் முதலில் கேட்க வேண்டும். அங்கே கிழமைக்கு நாலு தரம் மாட்டிறைச்சி வாங்குகிற வீடு அதை ஒரு தரமாக்கினால், எங்கள் ஊரில் பல வீடுகள் முழுதாக விடுவதைவிடப் பெரிய காரியம். அதற்கு அடுத்ததாக இங்கே சம்பளம் எடுக்கிற என்னைப் போன்றவர்கள். கலியாண மண்டபத்தில் மூன்று வகை இறைச்சி வைத்துப் பாதியை வாளியில் கொட்டுகிறோமே, அதைச் சொல்கிறேன்.

நாங்கள் விட்டால் மழை ஒழுங்காக வருமா? வராது. நேரடியான பதில் இதுதான். 2011 முதல் 2020 வரையான பத்தாண்டில் உலகம் கைத்தொழில் காலத்துக்கு முன்பிருந்ததைவிட 1.1 பாகை சூடேறி நின்றது. காற்று ஒரு பாகை சூடேறினால் 7 வீதம் கூடுதலாக நீராவியைச் சுமக்கும். பிறகு ஒரேயடியாகக் கொட்டும். 2016, 2017 வரட்சியில் குளங்கள் தரை தெரியக் கிடந்ததைப் பார்த்தோம். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்துவிட, கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. எங்கள் சமையலறையிலிருந்து இதை நிறுத்த முடியாது.

அப்படியென்றால் ஏன் எழுதுகிறேன்? இனி வரும் ஆண்டுகளில் இந்த மண்ணில் எது விளையும், எதை நம்பி அடுப்பு மூட்டலாம் என்ற கவலையில்தான் எழுதுகிறேன். அங்கேதான் மரக்கறி வருகிறது.

மாசியில் காலபோக நெல் வெட்டி முடிந்த வயலில் இறங்கிப் பாருங்கள். மேல் மண் வெடித்திருக்கும். குதிக்காலால் ஒரு கட்டியைப் புரட்டினால் அடியில் கறுப்பாக ஈரம் தெரியும், கையில் எடுத்தால் சில்லென்றிருக்கும். அந்த ஈரம் போகுமுன் பயறோ உழுந்தோ போட்டால் 65, 70 நாளில் காய் பிடுங்கலாம். மேட்டுக்காணியில் எள்ளு இன்னும் குறைந்த தண்ணீரில் நிற்கும். கோடையில் போடும் சிறுபோக நெல்லுக்குக் குளத்தில் தண்ணீர் இல்லை என்று கூட்டத்தில் கைவிரிக்கிற ஆண்டிலும் இவை விளையும். பயற்றின் வேரைப் பிடுங்கிப் பார்த்தால் சிறு முடிச்சுகள் இருக்கும், நகத்தால் நசுக்கினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிற நுண்ணுயிர்கள் அதற்குள் இருக்கின்றன. அடுத்த போகத்துக்கு யூரியாச் செலவில் ஒரு பங்கு அங்கேயே மிச்சம். குரக்கன் 100 கிராமில் 340 மில்லிகிராம் அளவு கல்சியம் உண்டு, பாலைவிடக் கூட. முருங்கைக்குத் தண்ணீர் ஊற்றியவர் யார்? பனைக்கு?

இவையெல்லாம் எங்கள் அம்மம்மாக்கள் சாப்பிட்டதுதான். குரக்கன் பிட்டும் முருங்கையிலை வறையும், கௌபி அவித்துத் தேங்காய்ப்பூ போட்டதும், உழுந்தங்களியும், ஒடியற் கூழும். கோழி என்பது விருந்தாள் வந்த நாளுக்கு. இப்போது கிழமை தவறாமல் வாங்கும் புரொய்லர் கோழிக்குச் சோயாப் புண்ணாக்கு கடல் கடந்து வருகிறது. தேத்தண்ணிக்குப் பால்மா நியூசிலாந்திலிருந்து வருகிறது. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது பால்மாப் பெட்டிக்கு வரிசையில் நின்றோமே, அப்போது ஒட்டுசுட்டானில் பால் இல்லாமலா இருந்தது? எங்கள் வீட்டில் இறைச்சியையும் பால்மாவையும் நிறுத்தி மூன்று வருடம். காலையில் பிளேன்ரீயும் பனங்கட்டியும். யாருக்காவது பால் தேவைப்பட்டால் அயலில் கறந்ததை வாங்குகிறோம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பாதி உண்மை. நெல்லும் மீத்தேன் விடும். தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் காற்றுப் புகாத சேற்றில் அது உண்டாகிறது. மரக்கறி சாப்பிடுகிறவருடைய சோறும் கணக்கில் வரும். இதற்குப் பழைய வழி ஒன்று உண்டு, காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் விடுவது. சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் இப்போது அதைத்தான் துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் நட்டு, நீர் மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கிய பிறகு பாய்ச்சுங்கள் என்று சொல்கிறது. பூக்கும் காலத்தில் மட்டும் வயலைக் காயவிடக் கூடாது. மீத்தேன் பாதியளவு வரை குறையும், தண்ணீரும் மிஞ்சும். தண்ணீர் முறைக்கு இரவில் வாய்க்கால் கரையில் காவல் இருக்கிற எங்களுக்கு அது எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை.

கஞ்சியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் அந்த வரிசையில் நின்றவள். அரிசி, தண்ணீர், இருந்தால் உப்பு. அதைக் குடித்து உயிர் தப்பிய சனத்திடம் ‘குறைத்துச் சாப்பிடு’ என்று சொல்லும் உரிமை உலகத்தில் எவருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. ஒரு தாய் பிள்ளைக்கு முட்டை கொடுத்தால் கொடுக்கட்டும். கர்ப்பிணியும் வளரும் பிள்ளையும் பாலும் முட்டையும் கிடைத்தால் விடவே வேண்டாம். பி12 உயிர்ச்சத்து செடி கொடிகளில் போதிய அளவு கிடைக்காது. முழுதாக மரக்கறிக்கு மாறுகிறவர்கள், பாலும் எடுக்காதவர்கள், அதை மாத்திரையாக எடுத்தே ஆக வேண்டும். போன கட்டுரையில் இதையும் விட்டுவிட்டேன்.

‘சைவம்’ என்ற சொல் பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. அதனால்தான் நான் மரக்கறி என்று எழுதுகிறேன். என்ன சாப்பிடுகிறான் என்று பார்த்து மனிதனைத் தரம் பிரித்த அந்த வழக்கத்துக்கு என் எழுத்தில் ஓர் எழுத்தும் துணை போகாது. அதே நேரம், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் வந்தால் நாட்கணக்கில் மீன் இறைச்சி தொடாத வீடுகள் முல்லைத்தீவில் எத்தனை! மன்னாரில் தவக்காலத்தில் இறைச்சி விடுகிற வீடுகள் எத்தனை! அங்கே சாதி கேட்டா விரதம் இருக்கிறார்கள்? நாற்பது நாள் இறைச்சி இல்லாமல் ருசியாகச் சமைக்கத் தெரிந்த கைகள் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

மேலிருந்து ஒரே இரவில் திணிப்பது என்ன செய்யும் என்பதும் எங்களுக்குத் தெரியும். 2021 ஏப்ரலில் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள், நவம்பரில் கைவிட்டார்கள். இடையில் வயல் மஞ்சளாகிப் போனதைக் கமக்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாப்பாடும் அப்படித்தான். யாரும் யாருக்கும் கட்டளை போட முடியாது. முடிந்தவர் முடிந்ததைச் செய்யலாம். முடிந்தும் செய்யாதவர்களிடம்தான் நான் வாதாடுகிறேன். உங்கள் அம்மாவிடம் அல்ல.

மீன் பற்றியும் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். அது கரையோரச் சனத்தோடு கதைத்துவிட்டு எழுத வேண்டிய விஷயம். இன்னொரு நாளைக்கு.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. அடுத்த மாரிக்கு முன் பட்டிக்கு வடக்குப் பக்கமாக ஓர் ஓலைத் தட்டியாவது கட்டுங்கள், வாடைக்காற்று நேரே அடிக்காமல் இருக்கும். அதோடு சேர்த்து வேலி நெடுகச் சீமைக்கிளுவைத் தடி நடுங்கள். இரண்டு வருடத்தில் காற்று மறைப்பாகும், கோடையில் குழை வெட்டி மாட்டுக்குப் போடலாம். எங்கள் வேலியில் முற்றிய தடிகள் நிறைய நிற்கின்றன. புரட்டாதி முதல் மழை விழுந்ததும் வெட்டி, ஒட்டுசுட்டான் பக்கம் வருகிற பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். எத்தனை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா