யுரேனியம் இல்லாத தாதுவாகப் பார்த்துத் தோண்டினால் என்ன?

கேள்வி: காற்றாலைக்கும் மின்சாரக் காருக்கும் காந்தம் செய்ய, நியோடிமியம் போன்ற அருமண் உலோகங்கள் உள்ள தாதுக்களைத் தோண்டுகிறார்கள். கூடவே யுரேனியமும் வருகிறதாமே! அது இல்லாத இடமாகப் பார்த்துத் தோண்டக் கூடாதா? – ஒரு வாசகி

பதில்: தோண்டலாம். தோண்டவும் செய்கிறார்கள். ஆனால் நீங்கள் எதிர்பார்க்கும் நிம்மதி அதில் இல்லை.

யுரேனியம் வெளியே இருந்து வந்து ஒட்டிய அழுக்கு அல்ல. அருமண், கதிரியக்கமுள்ள தோரியம், யுரேனியம் மூன்றின் அயனிகளும் (மின்னூட்டம் கொண்ட அணுக்கள்) அளவில் கிட்டத்தட்ட ஒன்று. பாறைக் குழம்பு ஆறிப் படிகமாகும்போதே ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்கார்ந்துவிடும். மோனசைட் என்ற அருமண் தாதுவில் இது அதிகம். பாஸ்ட்னசைட் என்ற இன்னொரு தாது கொஞ்சம் சாது. அருமண் ஒட்டியிருக்கும் தென் சீனக் களிமண் படிவுகளில் கதிரியக்கம் மிகக் குறைவுதான். ஆனால் அங்கே குன்றில் துளையிட்டு அம்மோனியம் சல்பேட் கரைசலை உள்ளே விட்டதில், நிலத்தடி நீரில் அம்மோனியா கலந்தது. கதிரியக்கம் அளக்கும் கருவி கீச்சிடவில்லை என்பதற்காக அதைப் பசுமைச் சுரங்கம் என்று நான் சொல்ல மாட்டேன்.

தாது ஆய்வுக்கூடத்தில் மோனசைட்டைக் கரைத்துக் காலம் கழித்தவன் நான். பிரிப்பது பெரிய வித்தை இல்லை. அமிலத்தன்மையை மெல்லக் குறைத்தால் அருமண்ணுக்கு முன்னால் தோரியம் படிந்துவிடும். யுரேனியத்தைக் கரைப்பான் கொண்டு தனியே எடுக்கலாம். வில்லங்கம் அதற்குப் பிறகுதான். ‘யுரேனியத்தைப் பிரித்து விற்றுவிடுவோம்’ என்று நிறுவனங்கள் பெருமையாகச் சொல்லும். யுரேனியம் சிதைந்து பிறந்த பிள்ளைகள் என்ன ஆவார்கள்? ரேடியம்-226 கழிவில் தங்கிவிடும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் காலம், 1,600 ஆண்டு. அதிலிருந்து ரேடான் என்ற கதிரியக்க வாயு கசிந்துகொண்டே இருக்கும். யுரேனிய ஆலைகளிலேயே, தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 சதவீதம் கழிவோடுதான் போகிறது. ஆகவே கழிவுக் குட்டையின் அடியில் என்ன விரித்திருக்கிறார்கள், சுரங்கம் மூடிய பிறகு காவலுக்கு யார் பணம் கட்டுவார்கள் என்று கேளுங்கள்.

கிரீன்லாந்து வேறு வழியில் போனது. டன்னுக்கு 100 கிராமுக்கு மேல் யுரேனியம் உள்ள படிவுகளில் சுரங்கம் கூடாது என்று 2021இல் சட்டம் போட்டது. குவானெஃப்யெல்ட் அருமண் திட்டம் அதோடு நின்றது. எல்லை எழுத்தில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் டன்னுக்கு 90 கிராம் இருக்கும் சுரங்கத்தின் கழிவையும் யாராவது பார்த்துக்கொள்ளத்தானே வேண்டும்?

கேள்வி: அப்படியானால் பழைய ஹார்ட் டிஸ்க் காந்தத்திலும் கதிரியக்கம் இருக்குமா? – இன்னொரு வாசகர்

பதில்: பயம் வேண்டாம். தோரியமும் யுரேனியமும் ஆலையிலேயே பிரிந்துவிட்டன. மறுசுழற்சியை நான் ஆதரிப்பதற்கு முதல் காரணமே அதுதான்: நியோடிமியம் கிடைக்கும், புதிய ரேடியம் கழிவு சேராது. காந்தங்களைக் கழற்றவே முடியாதபடி பசை போட்டு ஒட்டும் தயாரிப்பாளர்கள் மேல்தான் எனக்குக் கோபம்.