பழைய சுவரில் சீமெந்து பூசலாமா?

அன்புள்ள ஐயா,

திருகோணமலை டைக் வீதிப் பக்கம் அப்பாச்சியின் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. பின்னால் இரண்டு அறை கூட்டப் போகிறோம். முன் விறாந்தையில் இருப்பது போலவே புது அறைகளுக்கும் உருண்டைத் தூண் வைப்பதா? மேலே மாடி எழுப்பலாமா? பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சையும் கொத்திவிட்டுச் சீமெந்து பூசித் தருவதாக மேசன் சொல்கிறார்.

ஒரு வாசகர், ரொறன்ரோ

தம்பி,

தூண் வேண்டாம். சேர்க்கிற வேலை பழையதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும் என்று 1964-இல், பழைய கட்டடங்களைப் பேணுவது பற்றிய உலக ஆவணமான வெனிஸ் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். பழைய கட்டடங்களுக்கு அமெரிக்க அரசு வைத்திருக்கும் தரநிலைகளும் அதைத்தான் சொல்கின்றன, அதோடு புதியது அளவில் பழையதோடு ஒத்துப்போக வேண்டும், பிறகொரு நாள் அதைக் கழற்றினாலும் பழைய வீடு முழுசாக நிற்க வேண்டும் என்றும் சொல்கின்றன. ஆகவே பின்பக்கம், பழைய முகட்டைவிடத் தாழ்வாக, இடையில் சின்ன நடை விட்டுக் கட்டுங்கள். மாடியை மறந்துவிடுங்கள்.

ஆனால் சீமெந்து பூசுவது பற்றிய அந்தக் கடைசி வரியை எப்படித் தம்பி இவ்வளவு சாதாரணமாக எழுதினீர்கள்?

எங்கள் அம்மம்மா வீட்டில் மாமா அதைத்தான் செய்தார். சாமியறைச் சுவர் முழுக்கச் சீமெந்து. அம்மம்மா கையால் தடவிப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கு என்று சந்தோஷப்பட்டா. மூன்றாவது மாரியில் சுவர் உப்புப் பூத்தது, அப்புறம் ஒரு இரவு பூச்சு பாளமாக விழுந்தது, கூடவே உள்ளே இருந்த முருகைக்கல்லின், அதாவது கடற்பவளக் கல்லின், முகத்தையும் பிய்த்துக்கொண்டு. தொட்டால் மாவாகக் கொட்டியது. விளக்கை வேறு அறைக்கு மாற்றினோம், அம்மம்மா அதற்குப் பிறகு அங்கே போகவே இல்லை.

அந்தக் காலத்துச் சுவர்களுக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் ஏறும், கடல் உப்பும் சேரும். சுண்ணாம்பு மென்மையானது, ஈரத்தை வெளியே விட்டுவிடும். சீமெந்து விடாது. ஈரம் உள்ளேயே நிற்கும், உப்பு கல்லுக்குள் உறைந்து பருத்துக் கல்லையே உடைக்கும். இது தெரியாமல் வாட்சப்பில் படம் பார்த்து ஓம் சொல்வது அப்பாச்சிக்குச் செய்கிற மரியாதையா? மேசனை நான் குறை சொல்லவில்லை, சுண்ணாம்பு வேலைக்கு ஆளே இல்லாமல் பண்ணியது நாங்கள்தான்.

உதிர்ந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசச் சொல்லுங்கள். மேலே வெள்ளையும் சுண்ணாம்பிலேயே அடிக்க வேண்டும், பிளாஸ்டிக் பெயின்ட் கூடாது. புது அறைகளுக்குச் சீமெந்து பூசிக்கொள்ளுங்கள்.

இன்றைக்கே மேசனுக்குக் கோல் எடுங்கள். எடுத்துவிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அதுவரை எனக்கு நித்திரை வராது.